தண்ணி நிக்குமா, வழி யாருது? ஜப்பானில் வீடு வாங்கிய கதை

ஜப்பானில் வீடு வாங்கலாம் என்று இருக்கிறேன் என்று போனில் சொன்னபோது அப்பா விலையைக் கேட்கவில்லை. "மழை பெஞ்சா தண்ணி நிக்குமா?" என்றார். அடுத்து, "வீட்டுக்குப் போற வழி யாரு பேர்ல இருக்கு?" மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் அடமானக் கடன் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்து பத்திரம் பார்த்தவர். மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா என்று சாப்பாட்டுக்கு நடுவிலும் பேசுவார். "அப்பா, இது டோக்கியோப்பா" என்று சிரித்துவிட்டு போனை வைத்தேன். அந்தச் சிரிப்புக்காகப் பிறகு வெட்கப்பட வேண்டியிருந்தது.

2014ல் மென்பொருள் வேலைக்காக இங்கே வந்தேன். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வார்டில், நிஷி கசாய் என்று ஒரு இடம். இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. தெருவில் தமிழ் காதில் விழும், இட்லி அரிசி கிடைக்கும். எங்கள் ஆட்கள் இங்கே குவிந்ததற்குப் பெரிய காரணம் பாசம் இல்லை, யூஆர் என்னும் அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகள்தான். அங்கே ஜாமீன் போட ஆள் வேண்டாம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'நன்றிப் பணம்' வேண்டாம், தரகும் கிடையாது. தனியார் வீடு தேடியபோது, வெளிநாட்டவர் என்றதும் "வீட்டுக்காரர் விரும்பவில்லை" என்று தரகர்கள் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். அவ்வளவு மரியாதையாக வேறெங்கும் என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வாடகைக்குக் கேட்டால் யார், எந்த ஊர் என்று ஆராயும் இதே நாட்டில், விலைக்கு வாங்க வந்தால் வெளிநாட்டவர் என்று சட்டம் தடுப்பதில்லை. தாய்லாந்தில் பொதுவாக வெளிநாட்டவர் பெயரில் நிலம் பதிய முடியாது, அடுக்குமாடியில் மட்டும் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை இடம் தருவார்கள். மலேசியாவில் மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் அப்படி எதுவும் இல்லை. நிலமும் வீடும் முழு உரிமையாக, காலக்கெடு இல்லாமல் உங்கள் பெயருக்கு வரும். இங்கே குடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சுற்றுலா வந்தவரும் வாங்கலாம். ஆனால் வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கோடி ரூபாய் வீடு இருந்தாலும் விசா முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

ஊரிலிருந்து மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஜப்பானில் வீடு சும்மா தருகிறார்களாம், எதற்குக் கடன் வாங்குகிறாய் என்று. காலி வீடுகள் இருப்பது உண்மைதான். 2023 கணக்கெடுப்பில் 90 லட்சம், நாட்டில் உள்ள வீடுகளில் 13.8 சதவீதம். ஆனால் வீடியோவில் வரும் அந்த இனாம் வீடுகள் பெரும்பாலும் ரயில் நாலு மணி நேரத்துக்கு ஒன்று வரும் மலையோரத்தில் இருக்கும். கூரையைப் பிரித்து மேய ஆகும் செலவில் இங்கே பாதி வீடு வாங்கிவிடலாம். என் வேலை டோக்கியோவில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி தடையாக வருவது வங்கியில்தான். நிரந்தர வசிப்புரிமை இல்லாதவருக்குப் பல வங்கிகள் வீட்டுக் கடன் தருவதில்லை. தரும் சிலவும் கையிலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ போடச் சொல்லும், அல்லது ஜப்பானிய மனைவி, கணவர் ஜாமீன் கேட்கும். திறன்மிகு பணியாளர்களுக்கான புள்ளி முறையில் 70 புள்ளி இருந்தால் 3 வருடத்தில், 80 இருந்தால் ஒரே வருடத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2017ல் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் எனக்கு 2018ல் கிடைத்தது. இங்கே வீடு வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, வீட்டுத் தரகரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் புள்ளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2022 தொடக்கத்தில் தேட ஆரம்பித்தோம். முதலில் பார்த்தது எடோகாவா ஆற்றைத் தாண்டி சிபா மாநிலப் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. தனி வீடு. அந்த வட்டாரத்தில் நாலு கோடி யென்னுக்குக் குறைந்து எதுவும் இல்லாதபோது இதை 2 கோடியே 60 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிதான் விளம்பரத் தாளின் கீழ் மூலையில், எறும்பு ஊர்வதுபோல் இருந்த எழுத்தில் விரலை வைத்தாள். "என்னங்க, இதுல 'மறுபடி கட்ட முடியாது'ன்னு போட்டிருக்கே?" அவள் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதியிருந்தாள், நான் அலுவலகத்தில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். இங்கே ஒரு மனையில் வீடு கட்ட வேண்டுமானால் அந்த மனை குறைந்தது 4 மீட்டர் அகலமுள்ள சாலையை, குறைந்தது 2 மீட்டர் நீளத்துக்குத் தொட்டிருக்க வேண்டும். நாங்கள் பார்த்த வீடு பின்னால் ஒளிந்திருந்த மனை. கொடிக்கம்பும் கொடியும் போல, நீள ஒற்றைப் பாதை போய் உள்ளே மனை விரியும். அதைக் கொடிக்கம்பு மனை என்றே இங்கே சொல்கிறார்கள். அந்தப் பாதையின் அகலம் 1.8 மீட்டர். இருபது சென்டிமீட்டர் குறைவு. இருக்கும் வீட்டில் குடியிருக்கலாம், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அனுமதி கிடையாது. கடன் கொடுக்கவும் பெரும்பாலான வங்கிகள் முன்வராது. நாளைக்கு விற்கப் போனாலும் இதே கதைதான். தரகர் எதையும் மறைக்கவில்லை. தாளில் அச்சடித்திருந்தார், வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "அதான் வழியக் கேட்டேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது வீடு நாங்கள் இருந்த நிஷி கசாயிலேயே. பிள்ளைகளின் நண்பர்கள், கோயில், மளிகைக் கடை எல்லாம் பக்கத்தில். இந்த முறை எனக்கே தண்ணீர் நினைவுக்கு வந்தது. மறந்திருக்கவும் முடியாது. 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்த இரவு, ஆற்றில் நீர்மட்டம் ஏறுகிறது என்று வார்டு லட்சக்கணக்கானவர்களை வெளியேறச் சொன்னது. கைக்குழந்தையோடு ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் படுத்திருந்தோம். கரை உடையவில்லை, மறுநாள் வெயில் அடித்தது, மறந்ததுபோல் எல்லோரும் வேலைக்குப் போனோம்.

எடோகாவா வார்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் கடல் ஏற்றத்தின்போதுள்ள நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அந்த வார்டே 2019 மே மாதம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், தன் ஊரைக் காட்டித் தானே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சடித்திருந்தது. ஒரு அரசு அலுவலகம் தன் மக்களிடம் இவ்வளவு நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. ஊரில் ஏரிக்குள் மனை போட்டு 'லேக் வியூ' என்று பெயர் வைப்பார்கள். இங்கே வரைபடம் இலவசம். எந்த வீதியில் எத்தனை மீட்டர் தண்ணீர், எத்தனை நாள் வடியாது என்பது வரை நிறம் பிரித்துக் காட்டியிருக்கும். 2020 ஆகஸ்டிலிருந்து, விற்கும் வீடு அந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தரகர் காட்டியே ஆக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆனால் அவர் காட்டுவது கையெழுத்துப் போடும் நாளில். நீங்கள் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். எங்கள் வீதிக்குப் போட்டிருந்த நிறத்தைப் பார்த்ததும் மனைவி வரைபடத்தை மடித்து வைத்துவிட்டாள். அத்தோடு நிஷி கசாய் முடிந்தது. அந்த முடிவை எடுக்க வரைபடத்தைவிட அந்த மரத்தரை ராத்திரிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மேட்டு நிலமாகத் தேடினோம். சிபாவின் ஷிமோசா மேட்டுப் பகுதியில், ஃபுனபாஷி நகரில் மூன்றாவது வீடு. 2007ல் கட்டிய இரண்டு மாடி மர வீடு. மனை 96 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டு சென்ட்டும் கொஞ்சமும். "ரெண்டு சென்ட்டுல வீடா, மாட்டுக் கொட்டகையா?" என்றார் அப்பா.

நிலநடுக்கத்தைப் பற்றி இரண்டு தேதிகள். 1981 ஜூன் 1க்குப் பிறகு கட்ட அனுமதி பெற்ற கட்டடம் புதிய நிலநடுக்க விதிப்படி கட்டியது; அதற்கு முந்தையதைத் தொடாமல் இருப்பது நல்லது. மர வீடு என்றால் 2000ம் ஆண்டு விதிகள் இன்னும் இறுகின. அதற்குப் பிந்தியதாக இருந்தால் நிம்மதி. கட்டி முடித்த தேதியைப் பார்க்காதீர்கள், அனுமதி பெற்ற தேதியைப் பாருங்கள். எங்கள் வீடு இரண்டையும் தாண்டியிருந்தது.

அப்பாவுக்குப் பிடிபடாமல் போனது விலை விவகாரம். வீடு என்றால் வாங்கிப் போட்டால் ஏறும் என்பதுதானே நமக்குத் தெரிந்த பாடம். இங்கே ஏறினால் நிலம் ஏறும்; அதுவும் எல்லா ஊரிலும் இல்லை. கட்டடம் கார் மாதிரி, சாவி வாங்கிய அன்றிலிருந்து இறங்கும். வரிக் கணக்கில் மர வீட்டின் ஆயுள் 22 வருடம், கான்கிரீட் கட்டடத்துக்கு 47. அது வருமான வரிக்காகப் போட்ட எண்தான். நன்றாகக் கட்டிய மர வீடு ஐம்பது வருடம் நிற்கும். ஆனால் சந்தை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இருபது வருடம் தாண்டிய மர வீட்டைப் பலர் 'பழைய வீடு உள்ள நிலம்' என்றே விளம்பரம் செய்கிறார்கள். இடிக்கும் செலவை வாங்குபவர் தலையில் கட்டும் விளம்பரம் அது. எங்கள் வீட்டுக்குப் பதினைந்து வயது. அதனால் நான் மனதுக்குள் போட்ட கணக்கு, நில மதிப்புக்கு மேல் எவ்வளவு கொடுக்கிறேனோ அது பத்து வருட வாடகையைவிடக் குறைவா என்பது மட்டும்தான். குறைவாக இருந்தது. லாபம் பார்க்க வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் டோக்கியோவின் நடுவில் அடுக்குமாடி வாங்குங்கள் என்பேன். அது வேறு விளையாட்டு, எனக்கு அதில் அனுபவம் இல்லை.

சொன்ன விலை 3 கோடியே 58 லட்சம் யென். "பாதியிலேருந்து ஆரம்பி" என்றார் அப்பா. இங்கே பேரம் ஒரு காகிதத்தில் நடக்கிறது. இந்த விலைக்கு வாங்க விரும்புகிறேன் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். பாதி விலை எழுதினால் பதிலே வராது. அதற்கு முன்னால் 60 ஆயிரம் யென் கொடுத்துத் தனியாக ஒரு பரிசோதகரைக் கூட்டிப் போனேன். அவர் தரைக்கு அடியில் இருக்கும் முழங்கால் உயர இடுக்கில் டார்ச்சோடு தவழ்ந்து போய் அரை மணி நேரம் காணாமல் போனார். கரையான் மருந்து அடித்ததற்கான ஐந்து வருட உத்தரவாதம் எப்போதோ காலாவதியாகியிருந்தது; குளியலறைக்குக் கீழே பழைய கசிவுத் தடம். புகைப்படங்களோடு 3 கோடியே 45 லட்சம் என்று எழுதிக் கொடுத்தேன். 3 கோடியே 48 லட்சத்தில் முடிந்தது, அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 2 கோடி ரூபாய். அந்த 60 ஆயிரத்தைப் போல நான் வேறெதிலும் லாபமாகச் செலவு செய்ததில்லை.

அப்புறம் சர்க்கரை.

இங்கே வீட்டுக் கடனோடு தான்ஷின் என்று ஒரு ஆயுள் காப்பீடு சேர்ந்தே வரும். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மிச்சக் கடன் முழுவதும் அடைந்துவிடும், வீடு குடும்பத்துக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் சேர உடல்நலக் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். அதில் தேறாவிட்டால் பெரும்பாலான வங்கிகளில் கடனே இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது, சர்க்கரைக்கு மாத்திரை, மூன்று மாதச் சராசரி 6.8. நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இது இருக்கிறது. ஒரு நண்பர், "போடாதே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார். எழுதினேன். முதல் வங்கி நிராகரித்தது, காரணம் சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வீடு போனது கூட இல்லை, நாற்பது வயதுக்குள் ஒரு படிவம் என்னை நோயாளி என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டதுதான்.

பிறகுதான் 'வைடு தான்ஷின்' என்று ஒன்று இருப்பது தெரிந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளும். வட்டி கொஞ்சம் கூடும். ஒரு இணைய வங்கியில் அப்போது 0.5 சதவீதம் இருந்த மாறும் வட்டி எனக்கு 0.8 ஆனது. 3 கோடியே 30 லட்சம் கடன், 35 வருடம், மாதம் 90 ஆயிரம் யென். வாடகை 1 லட்சத்து 35 ஆயிரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறைத்து எழுதியிருந்தால் மாதம் நாலாயிரத்து ஐநூறு யென் மிச்சம். ஆனால் எனக்கு ஏதாவது ஆனால், காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைப் பதிவுகளை எடுக்கும். பொய் என்று தெரிந்தால் பணம் வராது, என் மனைவி கடனோடு நிற்பாள். அந்த நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் பேச்சை மாற்றினார். அவரும் மறைத்திருப்பார் போல.

மாறும் வட்டியில் ஒரு குறிப்பு. பல வங்கிகளில் வட்டி ஏறினாலும் மாதத் தவணை ஐந்து வருடத்துக்கு மாறாது, மாறும்போதும் 1.25 மடங்குக்கு மேல் போகாது. இணைய வங்கிகள் சிலவற்றில் இந்த இரண்டு தடுப்பும் இல்லை. ஜப்பான் மத்திய வங்கி 2024 மார்ச்சில் எதிர்மறை வட்டியைக் கைவிட்டு, ஜூலையில் 0.25, 2025 ஜனவரியில் 0.5 என்று ஏற்றியது. என் வங்கிக்குத் தடுப்பு இல்லை, தவணை ஏறியது. குறைந்த வட்டியை மட்டும் பார்த்துப் போனவர்களில் நானும் ஒருவன்.

பெயர் விஷயத்தைத் தமிழர்களுக்காகவே சொல்ல வேண்டும். என் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர். ஜப்பானில் எங்கே போனாலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். ஆகவே அப்பா பெயர் என் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அலுவலகத்தில், பிள்ளைகள் பள்ளியில், பல் டாக்டரிடத்தில், எங்கேயும் என்னை அப்பா பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். வீடு வாங்க, நகராட்சியில் பதிந்த முத்திரை ஒன்று வேண்டும். வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கத்தகானா எழுத்தில் பெயரைப் பொறிக்க வேண்டுமானால், குடியிருப்புப் பதிவின் குறிப்புக் கட்டத்தில் அதே கத்தகானா எழுத்துகள் முன்பே ஏறியிருக்க வேண்டும். என் பதிவில் ஏறியிருக்கவில்லை. வங்கிக் கணக்கில் என் பெயர் ஒரு மாதிரி கத்தகானாவில், சம்பளச் சீட்டில் இன்னொரு மாதிரி. ஒலியை நீட்டும் ஒரு கோடு வித்தியாசம். அந்தக் கோட்டுக்காக நகராட்சிக்கு மூன்று நடை, வங்கிக்கு இரண்டு கடிதம். இப்போது 2024 ஏப்ரலிலிருந்து நிலப்பதிவேட்டில் வெளிநாட்டவர் பெயரை ரோமன் எழுத்திலும் சேர்த்து எழுதுகிறார்கள். எனக்கு அது இல்லை. வீடு தேடத் தொடங்கும் நாளிலேயே எல்லாக் காகிதத்திலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். முத்திரை செய்யும் கடைக்காரர், "இரண்டில் எது குடும்பப் பெயர்?" என்று கேட்டார். பழக்கத்தில் அப்பா பெயரைக் காட்டினேன். அதை மட்டும் பொறித்துக் கொடுத்தார், கட்டைவிரல் நகம் அளவில். பதிவிலும் அது செல்லும் என்றார்கள். "பத்திரம் யாரு பேர்லடா?" என்று அப்பா கேட்டபோது, "முத்திரை உங்க பேர்லதான்பா" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், உரிமம் பெற்ற ஒருவர் தன் அட்டையைக் காட்டிவிட்டு, வீட்டைப் பற்றிய முக்கிய விவரங்கள் முழுவதையும் வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஜூயோ ஜிகோ செட்சுமெய் என்று பெயர். கழிவுநீர்க் குழாயின் விட்டம் வரை வரும். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. எல்லாம் ஜப்பானிய மொழியில். நான் அந்த ஆவணத்தை நாலு நாள் முன்னால் கேட்டு வாங்கி, ஜப்பானியச் சக ஊழியர் ஒருவரோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் தருவோம் என்றுதான் முதலில் சொன்னார்கள்; கொஞ்சம் பிடிவாதமாகக் கேட்டால் தந்துவிடுகிறார்கள்.

அங்கேதான் அப்பாவின் இரண்டாவது கேள்வி மறுபடி உதவியது. எங்கள் வீடு ஒரு முட்டுச் சந்தில் இருக்கிறது. சந்து 4 மீட்டர் அகலம், ஆனால் நகராட்சியுடையது இல்லை, தனியார் பாதை. ஆறு வீட்டுக்காரர்களுக்கும் ஆறில் ஒரு பங்கு. வரைவு ஒப்பந்தத்தில் மனை எண் இருந்தது, கட்டட எண் இருந்தது, சந்துக்குத் தனியாக ஒரு எண் உண்டே, அது இல்லை. நிலப்பதிவேட்டின் நகல் இங்கே யாரும் எவருடைய நிலத்துக்கும் 600 யென் கட்டி வாங்கலாம். வாங்கிப் பார்த்தேன். விற்பவர் பெயரில் சந்தில் ஆறில் ஒரு பங்கு தெளிவாக இருந்தது. "இது ஒப்பந்தத்தில் வரவில்லையே" என்று கேட்டதும் தரகர் முகம் வெளிறி, எழுந்து நின்று குனிந்தார். கெட்ட எண்ணம் இல்லை, கவனக்குறைவு. ஆனால் அப்படியே விட்டிருந்தால் வீடு என் பெயரில், வாசல் பாதையில் ஒரு பங்கு எங்கோ போய்விட்ட பழைய உரிமையாளர் பெயரில். குழாய் மாற்றத் தோண்டினாலும், நாளைக்கு விற்கப் போனாலும் அவரைத் தேடி அலைய வேண்டும். இப்படி விட்டுப்போன பங்குகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு என்று பிறகு பத்திரப்பதிவைக் கவனிக்கும் ஷிஹோஷோஷி சொன்னார்.

ஒப்பந்தத்தன்று 15 லட்சம் யென் முன்பணம். வாங்குபவர் பின்வாங்கினால் அது போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்தை ரத்து செய்யும் வாசகம் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். என் முதல் வங்கி என்னைக் கைவிட்டது ஒப்பந்தத்துக்கு முன்னால் என்பதால் தப்பித்தேன். பின்னால் என்றால் அந்தத் தேதிதான் என் உயிர்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வங்கி அறையில் எல்லோரும் கூடினோம். ஷிஹோஷோஷி இரு தரப்பு அடையாளத்தையும் சரிபார்த்து, "சரி, பணத்தை நகர்த்தலாம்" என்று சொன்ன பிறகுதான் கடன் பணம் விற்பவர் கணக்குக்குப் போனது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் வேலை நமக்கு இல்லை. இந்தச் சரிபார்ப்பைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். 2017ல் டோக்கியோவின் கொதாந்தாவில், உரிமையாளர் வேடம் போட்ட கும்பலிடம் ஒரு பெரிய வீடு கட்டும் நிறுவனமே 550 கோடி யென்னுக்கு மேல் ஏமாந்தது.

விலைக்கு மேல் ஆன செலவு ஏறக்குறைய 7 சதவீதம். தரகு, விலையில் 3 சதவீதமும் 60 ஆயிரம் யென்னும், அதன்மேல் 10 சதவீத வரியும் சேர்த்து 12 லட்சத்து 14 ஆயிரத்து 400. வங்கிக் கட்டணம் 2.2 சதவீதம். மிச்சம் பதிவு வரி, காப்பீடு. நிலநடுக்கக் காப்பீடு தனியாகக் கிடைக்காது, தீ காப்பீட்டோடு சேர்த்துத்தான். அதுவும் அதிகபட்சம் தீ காப்பீட்டுத் தொகையில் பாதி வரைதான். எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது ஐந்து மாதம் கழித்து மாநில அரசிடமிருந்து சொத்து வாங்கியதற்கான வரி என்று ஒரு காகிதம் வந்தது. குடியிருக்க வாங்கிய, அளவுக்கு உட்பட்ட வீட்டுக்குப் பெரிய தள்ளுபடி உண்டு, ஆனால் எனக்கு அது தானாக வரவில்லை. காகிதங்களோடு வரி அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன், சுழியமாகிவிட்டது. கேட்காதவர்கள் கட்டிவிடுகிறார்கள்.

இந்தியப் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் குடியிருக்கும்போது வாங்கிய சொத்தை, ஊர் திரும்பிய பிறகும் ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து இந்தியாவில் வழக்கமாகக் குடியிருப்பவர் ஆனதும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். ஜப்பானில் பரம்பரைச் சொத்து கைமாறினால் 3 வருடத்துக்குள் பதிய வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து கட்டாயம். ஜப்பானியர்களுக்குக் குடும்பப் பதிவேடு இருக்கிறது, வாரிசு யார் என்று அதுவே சொல்லும். நமக்கு அப்படி ஒன்று இல்லை. திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் தெரியட்டும்.

குடிபோகும் முன் கைத்துண்டுப் பொட்டலங்களோடு சந்தில் ஐந்து வீட்டுக்கும் போய் அறிமுகம் செய்துகொண்டோம். எதிரில் மூன்று வீடு, இரு பக்கமும் ஒவ்வொன்று என்பது இங்கே வழக்கம்; எங்களுக்குச் சந்தே அவ்வளவுதான். இரண்டாவது வீட்டுப் பாட்டி குப்பைக் கிழமைகளை ஒரு அட்டையில் படம் வரைந்து கொடுத்தார். வீடு முழுவதும் மின்சார அடுப்பு, தீயே கிடையாது. பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்ததும் அடுப்பு பீப், பீப் என்று கத்தித் தானே அணைந்துகொண்டது. மனைவி என்னைப் பார்த்தாள். "பொங்கிடுச்சில்ல, அப்புறம் என்ன" என்றேன்.

2024 வசந்தத்தில் அப்பா வந்தார். முதல் நாள் காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், மனையின் நாலு மூலையிலும் குனிந்து எல்லைக் குறிகளைத் தேடினார். கான்கிரீட்டில் பதித்த சின்ன உலோகத் தகடு, அதில் ஒரு சிவப்பு அம்புக்குறி. "கல்லு இவ்ளோதானா" என்று செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார். அப்புறம் சந்தைக் காலால் அளந்துகொண்டே முனை வரை நடந்தார், நான் பின்னால். குப்பையை வைத்துவிட்டுத் திரும்பிய அந்தப் பாட்டி என்னைப் பார்த்துக் கையசைத்து, வழக்கம்போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா சட்டென்று திரும்பினார்.

"ஏன்டா, இந்தம்மாவுக்கு என்னை எப்படித் தெரியும்?"